மண்பாதையும் பாதைதான்!

'கிராவல்' என்ற சொல் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதன்று. ஏரியிலிருந்தும் குன்றின் அடிவாரத்திலிருந்தும் அள்ளப்பட்டு, புழுதி பறக்க லாரிகளில் மனைப்பிரிவுகளுக்குச் செல்லும் சரளை மண்ணுக்கு நாம் வழங்கும் பெயர் அது. ஒப்பந்தப் புள்ளிகளிலும் வழக்குகளிலும் அடிபடும் சொல். அதே சொல் அண்மைக் காலமாக வேறொரு பொருளில் இளைஞர்களிடையே புழங்குகிறது. தார் போடாத பாதைகளில் மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்வதை அவர்கள் 'கிராவல் ரைடு' என்கிறார்கள். அதற்கென்றே உருவான வண்டி 'கிராவல் பைக்'.

பெரிய காஞ்சிபுரத்தில் வசிக்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தகைய இளைஞர் சிலருடன் சேர்ந்து மிதிக்கும் வழக்கம் உண்டு. வயதில் நான் அவர்களுக்குத் தந்தை போன்றவன். இந்தப் பக்கத்து ஊர்களை ஓரளவு அறிந்தவன் என்பதால் வழி கேட்பார்கள். அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இங்கிருந்து ஜவ்வாது மலை வரைக்கும் மண்பாதையிலேயே போக முடியுமா, சார்?"

பெரும்பகுதி முடியும். ஆனால் அந்த விடைக்குள் பாதைகளைப் பற்றி நாம் பேச வேண்டிய செய்திகள் பல உள்ளன.

முதலில் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். பந்தயச் சாலைகளில் ஓடும் மெல்லிய மிதிவண்டியின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம் உடையது. கல்லும் மணலும் கண்டால் அது தடுமாறும். மலைச்சரிவுகளில் குதித்து ஓடும் மவுண்டன் பைக்கின் டயரோ 50 மில்லிமீட்டருக்கும் மேல்; சமதளத்தில் அதை உருட்டிச் செல்வது கால்களுக்குத் தண்டனை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது கிராவல் பைக். ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் டயர், அதில் குறைவான காற்று, வளைந்த கைப்பிடி, டிஸ்க் பிரேக், மலையேற்றத்துக்கு ஏற்ற தாழ்ந்த கியர். நல்ல வண்டி ஒன்றின் விலை அரை லட்சத்தில் தொடங்கிப் பல லட்சம் வரை செல்கிறது.

இந்த 40 மில்லிமீட்டர் என்ற அளவைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் தந்தையரும் பாட்டனாரும் ஓட்டிய கறுப்பு நிறச் சைக்கிளின் டயரில் '28 × 1½' என்று எழுதியிருக்குமே, அந்த ஒன்றரை அங்குலம் ஏறத்தாழ இதே அகலம்தான். 1949இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வண்டிகளும் வடக்கிலிருந்து வந்த பிற வண்டிகளும் தார்ச்சாலைகளை நம்பி வடிவமைக்கப்பட்டவை அல்ல. நெய்து முடித்த பட்டுச்சேலையைத் துணியில் சுற்றிக் கேரியரில் கட்டிக்கொண்டு, சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து நெசவாளர்கள் ஏரிக்கரை வழியாகவே காஞ்சிபுரம் வந்துசேர்ந்தனர். திரும்பும்போது அதே கேரியரில் பாவும் ஊடையும் இருக்கும். கியரையும் டிஸ்க் பிரேக்கையும் நீக்கிவிட்டுப் பார்த்தால் கிராவல் பைக் நம் வீட்டுப் பழைய வண்டியின் பேரன். எனவே இதனைப் பணம் படைத்தோரின் புதுப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சமவெளிப் பகுதியின் பாதைகளைச் சாதாரண சைக்கிளிலேயே கடந்துவிடலாம். மலை ஏறுவதற்குத்தான் கியர் வேண்டும்.

இந்த விளையாட்டுக்கு மேலை நாடுகளில் அமைந்த வரலாறும் அறியத் தக்கது. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள சரளைப் பாதைகளில் 2006இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இன்று உலகப் புகழ் பெற்றது. பன்னாட்டு மிதிவண்டி அமைப்பு 2022இல் இத்தாலியில் முதல் உலக வாகையர் போட்டியையே நடத்திவிட்டது. ஆனால் நமக்கு இவற்றைவிட முக்கியமானது, 1997இல் இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் கையோலே என்ற ஊரில் தொடங்கப்பட்ட 'எரோய்கா' என்னும் மிதிவண்டிப் பயணம். திராட்சைத் தோட்டங்களுக்கிடையே ஓடும் வெண்ணிறச் சரளைப் பாதைகள் ஒவ்வொன்றாகத் தாருக்குள் மறைவதைக் கண்ட ஜியான்கார்லோ புரோச்சி என்பவர், பழைய மிதிவண்டிகளில் அப்பாதைகளைச் சுற்றிவரும் விழாவாக அதைத் தொடங்கினார். அப்பாதைகளுக்குப் பயன் உண்டு என்று காட்டுவதே அவற்றைக் காக்கும் வழி என்பது அவர் கணக்கு. கணக்கு பொய்க்கவில்லை. இன்று அந்த வெண்பாதைகளைக் காண்பதற்கென்றே பிற நாட்டவர் அங்கு செல்கின்றனர்.

இனி நம் வழிக்கு வருவோம். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே செவிலிமேடு. அங்கே பாலாற்றுப் பாலம். பாலம் கடந்தால் தூசி, மாமண்டூர். அங்கிருந்து மேற்கும் தென்மேற்குமாகச் செய்யாறு நகர், ஆரணி, போளூர், பின் மலை. போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஏறினால் ஜமுனாமரத்தூர். மொத்தம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 80 மீட்டர் உயரத்தில் உள்ள காஞ்சியில் புறப்பட்டு, 700 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். அந்த ஏற்றம் முழுவதும் கடைசிப் பகுதியிலேயே வருகிறது. ஒரே நாளில் முடிக்கும் வலிமை உடையோர் உண்டு. ஆரணியிலோ போளூரிலோ இரவு தங்கிச் செல்வதே என் போன்றோருக்கு உகந்தது.

வரைபடத்தை எடுத்துப் பார்ப்பவர்களுக்கு இவ்வழியின் தர்க்கம் விளங்கும். செய்யாறு தோன்றுவது ஜவ்வாது மலையில். அது செங்கம், கலசபாக்கம் பகுதிகளைத் தொட்டு, செய்யாறு நகரைக் கடந்து, காஞ்சிக்குத் தென்கிழக்கே திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்து மருத்துவமனையைப் பற்றிய கல்வெட்டால் பெயர் பெற்ற அதே திருமுக்கூடல்தான். அதாவது, காஞ்சிக்காரன் மலைக்குச் செல்வது தன் ஆற்று நீரின் ஊற்றை நோக்கிச் செல்வது. நீர் இறங்கிய வழியெங்கும் ஏரிகள், ஏரிகளுக்கெல்லாம் கரைகள், கரைகளின் மீதெல்லாம் பாதைகள். நெடுஞ்சாலையில் தொழிற்பேட்டைப் பேருந்துகளும் லாரிகளும் விரையும்போது, ஒரு கிலோமீட்டர் தள்ளி இந்தக் கரைகளின் மேல் பனைமர நிழலில் பகைமையின்றிச் செல்ல முடிகிறது.

இவற்றுள் முதலில் வருவது மாமண்டூர் ஏரி. பல்லவர் காலத்தில் சித்திரமேகத் தடாகம் என்று பெயர் பெற்றிருந்தது. ஏரியை ஒட்டிய குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் உள்ளன. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்தக் கரையின் மேல் யாராவது நடந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். ஏரிக்கரை என்பது நீரைத் தடுக்கும் மண்மேடு மட்டுமன்று. அது தொடக்கத்திலிருந்தே சாலை. மழைக்காலத்தில் வயல்கள் முழுதும் சேறாகும்போது ஊர்களை இணைத்தது கரைதான். ஆள் நடமாட்டம் இருக்கும் கரையில் நண்டுவளையும் எலிவளையும் கண்ணில் படும். உடைப்பு வருமுன் அடைக்கப்படும். நடமாட்டம் அற்றுப்போன கரையில் சீமைக்கருவேலம் முளைக்கும். அதன் பிறகு யாரும் அங்கே செல்ல மாட்டார்கள்.

பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர் மக்கள் இதைத் தெளிவாக அறிந்திருந்தனர். குடவோலை முறையைச் சொல்லும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைத் தேர்தலுக்காக மட்டுமே நாம் மேற்கோள் காட்டுகிறோம். அந்தத் தேர்தல் எதற்காக? ஏரி வாரியம் உள்ளிட்ட வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க. ஏரியைக் கவனிக்க ஆண்டுதோறும் ஆள் குறித்து, பொறுப்பு ஒப்படைத்திருக்கிறார்கள். இன்று நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. ஏரிகளைக் காக்க 2007இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆனாலும் கரையைப் பாதையாகக் கருதிப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டால், தெளிவான விடை கிடைப்பதில்லை. நீர்வளத் துறைக்கு அது கரை. நெடுஞ்சாலைத் துறைக்கு அது சாலையன்று.

கரைகளைப் போலவே மறக்கப்பட்டவை வண்டிப்பாதைகள். கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊருக்கு ஊர் 'வண்டிப்பாதை' என்று குறிக்கப்பட்ட புறம்போக்குக் கீற்றுகள் இருக்கும். மாட்டுவண்டி ஓடிய காலத்தில் அவை உயிரோடு இருந்தன. மாட்டுவண்டி நின்றதும் இருபுறத்து வயல்காரர்களும் ஆண்டுக்கு ஒரு முழம் வரப்பை நகர்த்த, பல இடங்களில் பாதை ஒற்றையடியாகிவிட்டது. சில இடங்களில் வரைபடத்தில் மட்டுமே உள்ளது. வயல்காரரைக் குறைகூறி என்ன பயன்? யாரும் செல்லாத வழியை யார் விட்டுவைப்பார்கள்? புல வரைபடங்களை இன்று இணையத்திலேயே பார்க்க முடிகிறது. எங்கள் குழுவின் இளைஞர்கள் கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தையும் புல வரைபடத்தையும் பக்கம் பக்கமாக வைத்து இத்தகைய பாதைகளைத் தேடுவதைப் பார்க்கும்போது, வருவாய்த் துறை செய்ய வேண்டிய வேலையைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்களே என்று தோன்றும்.

இப்பாதைகளில் செல்வோர் மண்ணைப் படிக்கக் கற்க வேண்டும். ஏரிக்கரை மண்ணில் களி அதிகம். காய்ந்திருக்கும்போது சிமெண்டுத் தரை போல் ஓடும். ஒரு மழை பெய்தால் சக்கரத்தில் ஒட்டி, பிரேக்கை அடைத்து, வண்டியைத் தோளில் சுமக்க வைத்துவிடும். மலையடிவாரத்துச் செம்மண் சரளை இதற்கு நேர்மாறு. மழைநீர் உடனே வடிந்துவிடும். ஆனால் காய்ந்த காலத்தில் உருளும் கூழாங்கல் வளைவுகளில் காலை வாரும். ஆற்றங்கரை மணலில் வேகத்தைக் குறைக்காமல், கைப்பிடியை இறுகப் பற்றாமல் செல்ல வேண்டும். காற்றைக் குறைத்தால் டயர் அகன்று பிடிமானம் கூடும். முள்தான் பெரும்பகை. சீமைக்கருவேல முள் எந்த டயரையும் மதிப்பதில்லை. டியூப் இல்லாத டயருக்குள் பசைத் திரவம் ஊற்றி ஓட்டுவது இன்றைய வழி. பஞ்சர் ஒட்டும் பெட்டியைப் பையில் வைத்திருப்பது என்றைக்குமான வழி.

புறப்பட ஏற்ற காலம் தை மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்திருக்கும், கரைகள் காய்ந்திருக்கும், வெயில் பொறுக்கத் தக்கதாக இருக்கும். அதுவே சம்பா அறுவடைக் காலமும் ஆதலால் களத்துக்கு இடமில்லாத ஊர்களில் வைக்கோலும் நெல்லும் பாதையில் காய்ந்துகொண்டிருக்கும். அங்கெல்லாம் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகச் செல்வதே முறை. அது அவர்களுடைய களம், நாம் வழிப்போக்கர்.

ஆரணிக்குள் நுழையும்போது காஞ்சிக்காரர்களுக்கு வேற்றூர் என்ற உணர்வே தோன்றாது. தறியோசை ஒன்றுதான். ஆரணிப் பட்டுக்கும் காஞ்சிப் பட்டுக்கும் உள்ள உறவும் போட்டியும் தனிக் கட்டுரைக்கு உரியவை. தேவிகாபுரம் வரை தறி நம்மைத் தொடர்ந்து வருகிறது. ஆரணிக்கு மேற்கே, சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய படவேட்டின் பக்கம் திரும்பினால் வாழைத்தோட்டங்களுக்குப் பின்னால் மலை திடீரென்று எழுந்து நிற்கும். செண்பகத்தோப்பு அணை அங்கேதான் உள்ளது. மண்பாதைப் பயணத்துக்கு இந்த அடிவாரத்தைவிட இனிய இடம் வட மாவட்டங்களில் எனக்குத் தெரிந்து இல்லை.

அடிவாரத்தைத் தாண்டியதும் விதிகள் மாறிவிடுகின்றன. போளூர்–ஜமுனாமரத்தூர் மலைச்சாலை பொதுச்சாலை, யாரும் செல்லலாம். அதிலிருந்து பிரியும் மண்பாதைகளில் பல காப்புக்காட்டுக்குள் செல்பவை. 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழைவது குற்றம். இச்சட்டத்தைக் காலனி ஆட்சியின் எச்சம் என்று பழிக்கும் நண்பர்கள், 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நிகழ்ந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். மலையேறச் சென்றோரில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் உயிரிழந்தனர். அதன் பின்னரே மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. அத்திட்டத்தில் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றவர்கள் பழங்குடியினரும் வனத்தை ஒட்டிய ஊர்களைச் சேர்ந்தவர்களுமே. நடப்போருக்குச் செய்ததை மிதிவண்டிக்கும் செய்யலாம். அதுவரை காப்புக்காட்டின் விளிம்பில் நின்றுவிடுவதே நேர்மை.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் காஞ்சிபுரத்துக்கும் உள்ள தொடர்பை நம் ஊரில் பலர் அறியார். 1909இல் வெளிவந்த தம் நூல் தொகுதிகளில் எட்கர் தர்ஸ்டன் ஒரு மரபுக்கதையைப் பதிவு செய்திருக்கிறார். காஞ்சிபுரத்து வேளாளர் வீட்டுப் பெண்கள் எழுவரைக் கங்குந்தி வேடர்கள் கவர்ந்து சென்றனராம். மீட்கப் புறப்பட்ட ஆடவர் எழுவர், உடன் அழைத்துச் சென்ற நாய்கள் தனியே திரும்பினால் தாங்கள் இறந்ததாகக் கொள்ளுமாறு மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். வழியில் பாலாற்றில் வெள்ளம். ஆடவர் கரையேறிவிட, நாய்கள் வீட்டுக்கு நீந்தித் திரும்பிவிட்டன. வீட்டில் ஈமக்கடன் முடிந்துவிட்டது. பின்னர் உயிரோடு வந்தவர்களுக்கு ஊரில் இடமில்லை. வேடர் குலப் பெண்களை மணந்து மலையேறினர். அவர்கள் வழிவந்தோரே நாங்கள் என்பது அம்மரபு. வரலாறாக இதனை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பாலாற்றைக் கடந்து மேற்கே செல்லும் வழி ஒன்று, அம்மக்களின் நினைவில் எவ்வளவு ஆழப் பதிந்திருக்கிறது என்பதற்கு இது சான்று.

அந்த மக்களின் இன்றைய நிலையையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியில் உள்ள அல்லேரி மலையின் குக்கிராமம் ஒன்றில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் மருத்துவமனை சேருமுன் குழந்தை இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் மலையடிவாரத்துக்கு மேல் செல்ல முடியாமல் நிற்க, தாய் அவ்வுடலைச் சுமந்து நடந்தார். இச்செய்தியைப் படித்த பிறகு, மலைக்கிராமத்தின் கரடுமுரடான பாதையைக் கண்டு 'எவ்வளவு அழகு, இதற்குத் தார் போட்டுக் கெடுத்துவிடக் கூடாது' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எங்களோடு வரும் இளைஞர்களில் சிலர் அப்படிச் சொல்வதுண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்துபோகிறவனுக்கு அது சரளைப் பாதை. கர்ப்பிணியைத் தொட்டில் கட்டித் தூக்கிச் செல்கிறவனுக்கு அது இல்லாத சாலை. மக்கள் வாழும் ஊருக்குச் செல்லும் ஒரே வழி எதுவோ, அது தாராகட்டும், பாலம் பெறட்டும். வன உரிமைச் சட்டம் 2006, இத்தகைய ஊர்களின் சாலைக்கென வனநிலத்தைக் குறிப்பிட்ட அளவுக்குள் ஒதுக்க வழி செய்திருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்குவதற்குக் காரணமில்லை.

தஸ்கனியின் பாடத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது என்று நான் கருதுவது இதனால்தான். சமவெளியின் நிலை வேறு. அங்கே ஊர்களுக்குத் தார்ச்சாலை ஏற்கெனவே வந்துவிட்டது. எஞ்சியிருக்கும் ஏரிக்கரைகளையும் கால்வாய்க்கரைகளையும் வண்டிப்பாதைகளையும் மண்ணாகவே காப்பதால் யாருக்கும் இழப்பில்லை. கரையின் மேல் கான்கிரீட் ஊற்றிவிட்டால் அதன் வழியே லாரி வரும். லாரி வந்தால் ஏரிக்குள் இறங்கும். நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட 'கிராவல்' வெளியேறும் வழி அதுதான். நடப்போரும் மிதிப்போரும் மட்டும் செல்லும்படி கரையின் இருமுனைகளிலும் கல்தூண் நட்டு, ஆண்டுக்கொரு முறை பொங்கலுக்கு முன்பாக முள்ளை வெட்டி, பள்ளத்தில் மண்ணிட்டு மேவினால் போதும். பெருந்தொகை ஒன்றும் தேவைப்படாத வேலை. ஊரக வேலைத் திட்டத் தொழிலாளர்கள் பழகிய வேலை. காஞ்சிபுரம், திருவண்ணாமலை ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களும் மாமண்டூரிலிருந்து போளூர் வரை உள்ள கரைப்பாதைகளையும் வண்டிப்பாதைகளையும் அளந்து, எல்லைக்கல் நட்டு, ஊர்ப்பெயர்ப் பலகை வைக்கட்டும். செலவில் பெரும்பகுதி அளவைக்கே ஆகும்.

மலைமேல் சென்றவர்கள் வந்த வழியே இறங்க வேண்டும் என்பதில்லை. ஜமுனாமரத்தூரிலிருந்து மேற்கே காவலூர். அங்கே 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே இரவெல்லாம் விண்ணை நோக்கியிருப்பதால், இருட்டியபின் அப்பகுதியைக் கடக்கும் மிதிவண்டிக்காரர்கள் விளக்கைத் தாழ்த்தித் தரைநோக்கி வைத்துக்கொள்வது நல்லது. காவலூரிலிருந்து ஆலங்காயம் வழியாக இறங்கினால் வாணியம்பாடி. அங்கே மறுபடியும் பாலாறு, பெரும்பாலும் மணலாக. கால் சோர்ந்தவர்களுக்கு வாணியம்பாடியில் ரயில் நிலையம் இருக்கிறது. அரக்கோணத்தில் இறங்கினால், எஞ்சிய தொலைவைக் காலை நேரக் குளிரில் மிதித்தே காஞ்சிபுரம் வந்துசேரலாம்.